கண்ணாடி மரத்தின் சிவப்புப் பூ

பவானி,

நீ ஈப்போவுக்குப் போய் இன்றோடு எட்டு நாள். நேற்று உன் கடிதம் வந்தது. அங்கே கட்டிக்கொண்டிருக்கும் நூல் நிலையத்தின் முன்கூடம் நம் சிம்பாங் அம்பாட் மண்டபத்தைவிட இரண்டு மடங்கு உயரம் என்றும், அதன் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தபோது பயமாக இருந்தது என்றும் எழுதியிருந்தாய். உன் அம்மா இரண்டு தடவை படித்தாள். "பயமா இருக்குன்னு எழுதறாளா? அப்ப வேலைய ஆரம்பிச்சிட்டான்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். உன்னை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவள் அவள்தான்.

ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக, டாக்டர் இல்லாத இடத்தில் வைத்தியம் பார்ப்பவனாக, இத்தனை வருஷம் வேலை பார்த்ததில் காய்ச்சல், வெட்டுக்காயம், பேறுகாலம் என்று அறிக்கை எழுதித்தான் எனக்குப் பழக்கம். பெற்ற மகளுக்கு மனதில் உள்ளதை எழுதிப் பழக்கமில்லை. நீ வீட்டில் இருந்தவரை நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். பேருந்து கிளம்பியபோதும் "உடம்பைப் பார்த்துக்கோம்மா" என்றுதான் வாயில் வந்தது. உன் கண்ணாடி மரத்திலிருந்து அந்தப் பூவை நான் ஏன் பெயர்த்தேன் என்று நீ இதுவரை என்னைக் கேட்டதில்லை. கேட்காமல் விட்டது உன் பெருந்தன்மை. சொல்லாமல் இருந்தது என் கோழைத்தனம். இப்போது சொல்கிறேன். இதை நீ உனக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டு.

நீ பயிற்சிக் கல்லூரியிலிருந்து ஓவிய ஆசிரியையாக வந்த முதல் வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியின் பின்பக்கம் குவிந்து கிடந்த காலி மருந்துப் போத்தல்களைச் சாக்கில் பொறுக்கிக்கொண்டு போவாய். பழுப்பு, பச்சை, அந்த அடர்ந்த நீலம். டிரசர் மகள் போத்தல் பொறுக்குகிறாள் என்று தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி வீட்டில் சிரித்தார்கள் என்பதற்காக நான் உன்னோடு ஒரு வாரம் முகம்கொடுத்துப் பேசவில்லை. நீ அதைப் பொருட்படுத்தவே இல்லை. டுரியான் துங்காலுக்குப் பக்கத்தில் செங்கல் சூளை வைத்திருந்த சீன முதலாளியான தவுக்கேயிடம் தனியாகப் போய், செங்கல் அடுக்காத மூலை ஒன்றை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாய். அவர் என்னைப் பசாரில் பார்த்து, "உன் மக கண்ணாடிய களிமண் தட்டுல போட்டுச் சுடுறா. எனக்குப் புரியல லா. ஆனா அவளுக்குப் புரியுது" என்றார்.

முதல் இரண்டு தடவை எல்லாம் விரிசல் விட்டுச் சில்லுச் சில்லாகிப் போயிற்று. உருக்குவதுகூடப் பெரிதல்ல அப்பா, ஆறவைப்பதுதான் பெரிது என்று நீ சொன்னாய். மூன்றாம் தடவை சூளை வாயைச் சேறு பூசி அடைத்துவிட்டு நான்கு நாள் அதன் பக்கமே போகவில்லை. எனக்கே பொறுக்காமல், திறந்துதான் பார்ப்போமே என்றேன். "ஆறட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். ஐந்தாம் நாள் உள்ளங்கை கனத்துக்கு ஒரு நீலப் பாளத்தை எடுத்து வெயிலில் பிடித்துக் காட்டினாய். நான் தினமும் கையாண்ட மருந்துப் போத்தல்தான் அது என்று என்னால் நம்ப முடியவில்லை. அன்றைக்கே உன்னிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். "கையைச் சுட்டுக்கொள்ளாதே" என்று மட்டும் சொன்னேன்.

தோட்டத்து லாரி டிரைவர் சாமிநாதன் செத்தது அதற்கு அடுத்த ஆண்டு. அது உனக்குத் தெரிந்த கதை, ஆனால் முழுவதும் தெரியாது. அப்போது அவசரகாலம் மிகவும் இறுகியிருந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயங்களைச் சுற்றி முள்கம்பி, வாசலில் சோதனை, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று சமைத்த சோற்றைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. அன்று காலை ஒரு பால்வெட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டு குழந்தை குறுக்கே நின்றுவிட்டது. என்னால் முடியாது என்று தெரிந்ததும் தோட்டத்து லாரியில் அவளை மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஓட்டிக்கொண்டு போனது சாமிநாதன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். திரும்பி வரும் வழியில், பொழுது சாயும் நேரத்தில், காட்டோரத் திருப்பத்தில் அந்தக் காட்டுக்காரர்கள் லாரியைச் சுட்டார்கள். வண்டியில் வேறு யாரும் இல்லை. இதுவரை தோட்டம் முழுவதும் அறிந்தது.

தெரியாதது இதுதான். புறப்படும்போது சாமிநாதன் என்னிடம், "ஐயா, போய்ச் சேரவே மத்தியானமாயிடும். ராத்திரி அங்க என் மச்சான் வீட்டுல தங்கிட்டு வெடிஞ்சதும் வரட்டுமா?" என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். மறுநாள் காலை ரப்பர் பால் ஏற்ற லாரி இருக்கும் என்று தோட்டத்து நிர்வாகியான துரையிடம் நானாகவே வாக்குக் கொடுத்திருந்தேன். துரை கேட்கக்கூட இல்லை. டிரசர் பொறுப்பான ஆள் என்று அவர் நினைக்க வேண்டும், அவ்வளவுதான். "சாயங்காலத்துக்குள்ள வந்துடுங்க சாமிநாதன்" என்றேன். சரி ஐயா என்று ஏறிப் போனார். அவர் உடலைச் சுத்தம் செய்து துணி சுற்றியது நான்தான். விசாரணைக்கு வந்தவர்கள் ஏன் அந்த நேரத்தில் வண்டி வந்தது என்று கேட்டபோது, வேலை முடிந்தது, திரும்பினார் என்று எழுதிக் கொடுத்தேன்.

சுடப்பட்ட லாரியைத் தோட்டப் பட்டறைக்கு இழுத்து வந்து போட்டிருந்தார்கள். பழைய இரும்புக்குப் போகும் முன்னால் நீ அதன் இரண்டு பின்விளக்குகளின் சிவப்புக் கண்ணாடியைக் கழற்றி எடுத்தாய். எடுப்பதற்கு முன் சாமிநாதனின் மனைவி பாக்கியத்திடம் போய்க் கேட்டிருக்கிறாய். "எடுத்துக்க பாப்பா. அத நான் வச்சி என்ன பண்ணப் போறேன்" என்றாராம். இரண்டு வருஷம் அந்தக் கண்ணாடி உன் பெட்டிக்குள் ஒரு பழைய சேலைத் துணியில் சுற்றி இருந்தது. எதற்கு என்று உனக்கே அப்போது தெரியாது.

பிறகுதான் சிம்பாங் அம்பாட்டில் பொது மண்டபம் கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு நாலைந்து மாதம் முன்னால், முன்கூடத்தில் என்ன வைப்பது என்று மாவட்ட அதிகாரியான வெள்ளைக்காரர் கூட்டம் போட்டார். பெரிய கடிகாரம் வைக்கலாம் என்றார்கள் சிலர். பள்ளிக்கூடத்தின் சார்பில் போன நீ எழுந்து, கண்ணாடியில் ஒரு மரம் செய்து தருகிறேன் என்றாய். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னதைத்தான் அங்கேயும் சொன்னாயாம்: "இப்ப கவர்மெண்டு கட்டடம்னாலே ஜனங்களுக்குப் பயம் அப்பா. உள்ள நுழைஞ்சா கார்டக் காட்டு, கைரேகை வை, எங்க போன, யாரப் பார்த்தன்னு கேக்கறாங்க. ஒரு கட்டடத்துலயாவது யாரும் எதுவும் கேக்காம, நின்னு பாக்கறதுக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்." அந்த வட்டாரத்துத் தலைவரான பெங்ஹுலு, வயதான மலாய்க்காரர், சிரித்துக்கொண்டே தலையாட்டினாராம். உனக்கு அனுமதி கிடைத்தது.

ஒன்பது அடி உயரத்தில் இரும்புக் கம்பியால் மரத்தின் எலும்புக்கூட்டைப் பட்டறையில் பற்றவைத்தாய். கண்ணாடிப் பாளங்களைச் சிறு சுத்தியலால் செதுக்கிச் சிமெண்டு வைத்துக் கம்பியில் பதித்தாய். இலைகள் பச்சை, பட்டை பழுப்பு, கிளைகளுக்கு நடுவே வானம் தெரிவதுபோல நீலம். சுவரில் மாட்டும் படமல்ல அது. சுற்றி நடந்து பார்க்கலாம். நகர நகர நிறம் மாறும். பாகம் பாகமாகப் பெட்டியில் வைக்கோல் போட்டு லாரியில் கொண்டுபோன அன்று நானும் கூட வந்தேன். சாலைத் தடுப்பில் நிறுத்தினார்கள். அரிசி கடத்துகிறோமா என்று பார்க்க ஒரு சிப்பாய் நீண்ட இரும்புக் கம்பியைப் பெட்டிக்குள் குத்தப் போனான். நான் லாரியை விட்டு இறங்கவே இல்லை. நீ கம்பியின் முனைக்கும் பெட்டிக்கும் நடுவில் போய் நின்றாய். "குத்த வேண்டாம். நானே பிரித்துக் காட்டுகிறேன்" என்று மலாயில் சொன்னாய். பதினோரு பெட்டி. ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தூக்கிக் காட்டினாய். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் எல்லாம் இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். மூன்றாவது பெட்டிக்கு மேல் அந்தச் சிப்பாயே துண்டுகளை இரண்டு கையாலும் வாங்கி வைக்கோலில் வைத்தான். அன்று என் மார்பு விம்மியதை நான் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

மரம் எழும்பி நின்ற பிறகு, அதன் அடியில், ஒரு குழந்தையின் கண் உயரத்தில், ஐந்து இதழ்களோடு ஒரு சிவப்புப் பூவைப் பதித்தாய். செம்பருத்தி. அந்தச் சிவப்பை மட்டும் நீ சூளையில் வைக்கவில்லை. தீயில் நிறம் கெட்டுவிடும் என்று பயந்து, அப்படியே வெட்டி, ஓரத்தை ஆஸ்பத்திரிச் சாணைக்கல்லில் தேய்த்தாய். இது எங்கே இருந்து வந்த கண்ணாடி என்று கேட்டேன். "சாமிநாதன் மாமா லாரி" என்றாய். நான் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

திறப்பு விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது காவல்துறை அதிகாரி ஒருவர் மண்டபத்தைப் பார்வையிட வந்தார். ஊசி போட்டுக்கொள்ள வந்த காவலர் ஒருவர் அன்று மாலை என்னிடம் பேச்சுவாக்கில், "உங்க மக வச்ச பூவப் பெரியவரு ரொம்ப நேரம் பார்த்தாரு ஐயா. செவப்பு, அஞ்சு முனை. நட்சத்திரம் மாதிரி இருக்குன்னாரு" என்றார். அந்தக் காலத்தில் சிவப்பு நட்சத்திரம் என்றால் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளின் அடையாளம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எடுக்கச் சொல்லி எந்த உத்தரவும் வரவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் முடிவு செய்தேன். மறுநாள் மத்தியானம் மண்டபத்துக் காவலாளி உசேனிடம், அளவு எடுக்க வேண்டும் என்று பொய் சொல்லிச் சாவி வாங்கினேன். உளியை வைத்துத் தட்டி ஐந்து இதழையும் பெயர்த்தேன். நாலு முழுதாக வந்தன. ஒன்று இரண்டாக உடைந்தது. பஞ்சில் சுற்றி என் மருந்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

உன்னைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. உன்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்தது நிஜம். மீதிப் பாதி, அந்தச் சிவப்பை என்னால் பார்க்க முடியவில்லை. மண்டபத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் அதைப் பார்ப்பார்கள், இது எங்கே இருந்து வந்தது என்று கேட்பார்கள், ஒருநாள் யாராவது ஒருவர், அவர் ஏன் அன்றைக்கே திரும்பி வந்தார் என்றும் கேட்பார் என்று தோன்றியது. சந்தேகம் என்று ஒன்று வந்ததும் அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் மாவட்ட அதிகாரி மண்டபத்திலேயே எல்லோரையும் கூட்டினார். சாவி உசேனிடம்தான் இருந்தது என்பதால் பழி அவர் தலையில் விழுந்தது. அந்த மனிதர் என்னைக் காட்டிக்கொடுக்காமல், தெரியாது துவான், தெரியாது துவான் என்று நின்றார். வீட்டில் ஆறு பிள்ளைகள் அவருக்கு. நான் எழுந்து, "நான்தான் எடுத்தேன்" என்றேன். பையைத் திறந்து மேசைமேல் வைத்தேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அதிகாரி நல்லவர். நட்சத்திரப் பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருந்ததால், பிரச்சினை தீர்ந்ததுபோல அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பூ இல்லாமலே மரம் அழகாகத்தானே இருக்கிறது, அப்படியே விட்டுவிடலாமா என்று உன்னிடம் கேட்டார். நீ எழுந்து நின்று, குரலை உயர்த்தாமல், "பூ இல்லாத மரம் நான் செஞ்ச மரம் இல்ல சார். வேணாம்னா சொல்லிடுங்க, மரத்தையும் பெயர்த்து எடுத்துட்டுப் போயிடறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாய். நாலைந்து மாத உழைப்பு உன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அந்த நிமிஷத்தில் என் வயதுக்கும் வேலைக்கும் இல்லாத முதுகெலும்பு என் மகளுக்கு இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். வெட்கமும் பெருமையும் ஒரே சமயத்தில் வரும் என்பது அதற்கு முன் எனக்குத் தெரியாது.

அப்போதுதான் வாசல் பக்கம் நின்ற பாக்கியம் உள்ளே வந்தார். பூவை நட்சத்திரம் என்று சந்தேகப்பட்டார்கள், இப்போது அதைக் காணோம் என்று கேள்விப்பட்டுத் தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்திருக்கிறார். தமிழில்தான் பேசினார். அதிகாரி என்னைப் பார்த்து மொழிபெயர்க்கச் சொன்னார். இதைவிடப் பெரிய தண்டனை எனக்கு வேறு யாரும் கொடுத்திருக்க முடியாது. "அது நட்சத்திரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எம் புருசன் ஓட்டுன லாரியோட வெளக்கு. நோயாளிய ஏத்திட்டுப் போயி ரெண்டு உசுரக் காப்பாத்துனாரு. அன்னிக்கு ராத்திரி மலாக்காவுலயே தங்கியிருந்தா அவரும் இருந்திருப்பாரு. வரச் சொன்னாங்க, வந்தாரு. அவரச் சுட்டவங்களோட அடையாளத்தையா இந்தப் புள்ள வைக்கும்?" வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னேன். நடுவில் ஒரு வரியைச் சொல்லவில்லை. தங்கியிருந்தால் பிழைத்திருப்பார், வரச் சொன்னார்கள் என்பதை விழுங்கிவிட்டேன். அந்தக் கூடத்தில் இரண்டு மொழியும் தெரிந்த இன்னொரு ஆள் நீ மட்டும்தான். நீ கவனித்தாய். எனக்குத் தெரியும்.

பிறகு பெங்ஹுலு மெதுவாக எழுந்துபோய் மேசைமேல் இருந்த துண்டுகளை இதழ் இதழாக அடுக்கிப் பார்த்தார். "இது புங்கா ராயா லா, துவான். என் வீட்டு வேலி முழுக்க இதுதான் பூக்கிறது. அதையும் வெட்டச் சொல்வீர்களா?" என்று, செம்பருத்திக்கு மலாயில் உள்ள பேரைச் சொல்லிக் கேட்டார். அதிகாரி சிரித்துவிட்டார். உசேனிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உன்னிடம், மறுபடி வைக்க எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டார். ஒரு நாள் போதும் என்றாய். உடைந்த இதழுக்குப் பதிலாகப் புதிய கண்ணாடி தேடித் தரட்டுமா என்று நான் கேட்டபோது, "வேணாம்பா, இதுவே இருக்கட்டும்" என்று இரண்டு துண்டையும் சேர்த்துப் பதித்தாய். நடுவில் முடி கனத்துக்கு ஒரு கோடு விழுந்தது. அதை மறைக்க நீ எந்த முயற்சியும் செய்யவில்லை.

திறப்பு விழா அன்று பத்து மணி வெயில் கிழக்குச் சன்னல் வழியாக மரத்தில் பட்டதும், கூட்டத்தில் இருந்த அத்தனை பேரின் வெள்ளைச் சட்டையிலும் பச்சையும் நீலமும் விழுந்தன. அது கித்தா மரம், ரப்பர் மரம்தான் என்றார்கள் நம் தோட்டத்து ஆட்கள். டுரியான் மரம்தான் என்று மஸ்ஜித் தானாவிலிருந்து வந்தவர்கள் அடித்துச் சொன்னார்கள். உன்னைக் கேட்டதற்கு, யார் என்ன மரம் என்கிறார்களோ அந்த மரம் என்றாய். ஒரு வாரம் கழித்து, அடையாளக் கார்டு பதிய வந்த நாலு கிழவிகள் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அதன் அடியில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்ததை நான் பார்த்தேன். யாரும் அவர்களை எழுந்திருக்கச் சொல்லவில்லை. நீ சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. ஈப்போக்காரர்கள் அந்த மரத்தைப் பார்த்துவிட்டு உன்னைத் தேடி வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

நீ கிளம்பிய மறுநாள் பாக்கியத்தின் வீட்டுக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வரச் சொன்னது நான்தான் என்றேன். அவர் கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை. "தெரியுமே. போற வழியில வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்திச் சொல்லிட்டுத்தான போனாரு, டிரசர் ஐயா சாயங்காலமே வரச் சொல்லிட்டாருன்னு."

"தெரிஞ்சுமா அன்னிக்கு மண்டபத்துக்கு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"உங்களுக்காகவா வந்தேன்? பாப்பாவுக்காக வந்தேன். கேட்டுட்டு எடுத்த புள்ள அது. நான் சொன்னத வெள்ளக்காரர்கிட்ட நீங்க முழுசாச் சொல்றீங்களான்னு பார்த்தேன். எனக்கு இங்கிலீசு தெரியாதுதான். ஆனா நீங்க எந்த எடத்துல தலையக் குனிஞ்சீங்கன்னு தெரிஞ்சுது." அடுப்புப் பக்கம் திரும்பினார். "மூணு வருசமா என்னப் பார்த்தா வேற பாதையில போனீங்க. இப்ப வந்து சொல்லிட்டீங்க. சரி. உக்காருங்க, தேத்தண்ணி கலக்கறேன்."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தேநீரைக் குடித்து முடிக்கிற வரைக்கும் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஈப்போவில் நீ என்ன செய்யப் போகிறாய், அங்கே யார் சமைத்துப் போடுகிறார்கள், சுண்ணாம்புக் குன்றுகள் உண்மையிலேயே அவ்வளவு வெள்ளையா என்று கேட்டார். அந்த நூல் நிலையத்தின் திறப்பு விழாவுக்குத் தான் கட்டாயம் வரப்போவதாகச் சொன்னார். இவ்வளவு தூரம் தனியாகப் போனதில்லை என்றும் சொன்னார்.

"நானும் அதே பஸ்ஸில் வரலாமா?" என்று கேட்டேன்.

"வாங்க. ஆனா சன்னல் பக்கம் எனக்கு" என்றார்.

ஆகவே மகளே, விழா நாள் முடிவானதும் எழுது. அம்மாவோடு சேர்த்து நாங்கள் மூன்று பேர் வருகிறோம்.

உன்னைப் பெற்றதில் தலை நிமிர்ந்து நடக்கும்
அப்பா